முதல் நூலில்தான் தொடங்க வேண்டுமா?

(நெடிய மாயாஜால நாவல் தொடர்களை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்பது பற்றித் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய நண்பர், இன்றைய பிள்ளைகளுக்குத் தடித்த புத்தகத்தைக் கண்டாலே பயம் என்றார். அதை நான் முழுவதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹாரி பாட்டர் ஏழு நூல்களையும் சோறு தண்ணீர் மறந்து படித்து முடித்த பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். அடுத்து என்ன படிப்பது என்று அந்தப் பிள்ளை நூலகத்துக்குப் போகிறது. ஒரே எழுத்தாளரின் நாற்பது நாவல்கள் வரிசையாக நிற்கின்றன. முறைப்படி முதல் நூலைத் தேடி எடுக்கிறது. முப்பது பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறது. அதன் பிறகு அந்த எழுத்தாளர் இருக்கும் பக்கமே திரும்புவதில்லை. தவறு பிள்ளையிடமும் இல்லை, எழுத்தாளரிடமும் இல்லை. நுழைந்த வாசல் சரியில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, எங்கே தொடங்குவது என்று கேட்பதற்கு முன்னால், இது என்ன வகைத் தொடர் என்று கேட்க வேண்டும். சில தொடர்கள் ஆற்றைப் போன்றவை. ஒரே கதை, ஒரே ஓட்டம். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களில் மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு யாரும் உட்காருவதில்லை அல்லவா? டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அப்படித்தான். 1954, 1955 ஆண்டுகளில் மூன்று நூல்களாக வந்தாலும் அது ஒரே நாவல்தான். ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' 1990 முதல் 2013 வரை 14 நூல்களாக வந்தது. ஜோர்டன் 2007இல் காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று நூல்களை எழுதி முடித்தார். இதில் நடுப்பகுதி நூல்கள் சில இழுவைதான், சொல்லிவிடுகிறேன். ஆனாலும் குறுக்கு வழி கிடையாது. முதல் நூலில்தான் தொடங்கியாக வேண்டும். ஜார்ஜ் மார்ட்டினின் தொடரும் ஆறுதான். முதல் நூல் 1996இல் வந்தது, ஐந்தாவது நூல் 2011இல் வந்தது. ஆறாவதுக்காக வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. தவிர, அது பெரியவர்களுக்கான கதை. தொலைக்காட்சித் தொடரின் புகழைப் பார்த்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

வேறு சில தொடர்கள் ஊரைப் போன்றவை. ஊருக்குப் பல வழிகள் உண்டு. நான் இன்று அதிக நேரம் பேச விரும்புவது அப்படி ஓர் ஊரைப் பற்றித்தான். இங்கிலாந்து எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வோர்ல்ட்', அதாவது தட்டுலகம். ஓர் ஆமை விண்வெளியில் நீந்திப் போகிறது. அதன் முதுகில் நான்கு யானைகள். யானைகள் தாங்கும் தட்டையான உலகில் மந்திரவாதிகளும் சூனியக்காரிகளும் குள்ளர்களும் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களும் வாழ்கிறார்கள். ஆமையும் யானையும் உலகைத் தாங்கும் கதை நமக்குப் புதிதல்ல. பாட்டி சொல்லக் கேட்டதுதான். 1983 முதல் 2015 வரை இந்த உலகத்தைப் பற்றி அவர் 41 நாவல்கள் எழுதினார்.

இதில் முதல் நூல் 'தி கலர் ஆஃப் மேஜிக்'. என்னைக் கேட்டால், அதில் தொடங்க வேண்டாம். அது கேலி நூல். ஃபிரிட்ஸ் லைபர், ஆன் மெக்காஃப்ரி போன்ற பழைய மாயாஜால எழுத்தாளர்களைக் கிண்டல் செய்து எழுதியது. 2010இல் வந்த 'தமிழ்ப் படம்' உங்களுக்கு நினைவிருக்கும். பழைய படங்களைப் பார்த்திராதவர் அதைப் பார்த்தால் எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று விழிப்பார். அதே நிலைதான் இங்கும். வெளிவந்த வரிசையிலேயே படிக்க வேண்டும் என்று வாதிடும் தீவிர ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏற்கெனவே ஊருக்குள் குடியிருப்பவர்கள். புதிதாக வருபவர் நிலை வேறு.

பெரியவர்களும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் 1989இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' என்ற எட்டாவது நூலில் தொடங்கலாம். தொடக்கத்தில் இரவுக் காவல்படைத் தலைவர் சாமுவேல் வைம்ஸ் குடித்துவிட்டுச் சாக்கடையோரம் கிடக்கிறார். அவருக்குக் கீழே இருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் சண்டை என்றால் மெதுவாக ஓடி, எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேருகிறவர்கள். அந்த நகரத்துக்கு ஒரு டிராகன் வந்துவிடுகிறது. சிரித்துக்கொண்டே படிக்கலாம். முன்கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை.

நெடுந்தொடரின் சிறப்பு எது என்பதை இந்த வைம்ஸை வைத்தே சொல்கிறேன். 1993இல் வந்த 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் அவர் பூட்ஸ் பற்றி ஒரு கணக்குப் போடுகிறார். அவருடைய மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர். மட்டமானது 10 டாலர். பணக்காரன் 50 டாலருக்கு வாங்கினால் பத்து ஆண்டுக்கு உழைக்கும். ஏழை வாங்கும் 10 டாலர் பூட்ஸ் ஒரு பருவமோ இரண்டு பருவமோதான் தாங்கும். அதே பத்து ஆண்டில் ஏழை 100 டாலர் செலவழித்திருப்பான். அவன் கால் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். ஏழையாக இருப்பதற்கு எவ்வளவு செலவாகிறது, பாருங்கள்! 2022இல் பிரிட்டனில் அத்தியாவசியப் பொருள்களின் விலையேற்றத்தைக் கணக்கிட ஒரு குறியீட்டைத் தொடங்கியபோது, பிராட்செட் தரப்பின் ஒப்புதலோடு அதற்கு வைம்ஸ் பெயரையே வைத்தார்கள். மாயாஜாலக் கதை வாழ்க்கைக்கு உதவாது என்று சொல்லும் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதே நூலில் குள்ளர் ஒருவரையும் டிரோல் என்னும் பாறை மனிதர் ஒருவரையும் காவல்படையில் சேர்க்கிறார்கள். இரண்டு இனங்களுக்கும் பரம்பரைப் பகை. இருவரையும் ஒன்றாக ரோந்து அனுப்புகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை. பல இனத்தவர் ஒரே மாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் நம் ஊர் வாசகருக்கு, இங்கிலாந்து வாசகரைவிட அது நன்றாகவே புரியும்.

இந்தக் காவல்படைக் கதைகள் மட்டும் எட்டு நாவல்கள். அவற்றினூடே வைம்ஸ் குடியை விடுகிறார், திருமணம் செய்கிறார், உயர்கிறார். 2005இல் வந்த ஏழாவது நாவலில், நகரமே கலவரத்தின் விளிம்பில் நிற்கும்போதும், மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்த் தன் குழந்தைக்குப் படப்புத்தகம் வாசித்துக் காட்டுவதை அவர் விடுவதில்லை. ஒரு தடவை தவறினால் எல்லாம் தவறிவிடும் என்று அஞ்சுகிறார். முதல் நாவலில் சாக்கடையோரம் பார்த்த மனிதர் இவர். தனி நாவல் ஒன்றில் இதே காட்சியைப் படித்திருந்தால், நல்ல அப்பா என்று மட்டும் நினைத்திருப்போம்.

சிறிய பிள்ளைகளுக்கு வேறு வாசல். 2003இல் வந்த 'தி வீ ஃப்ரீ மென்'. டிஃபனி என்ற ஒன்பது வயதுச் சிறுமி, தேவதைகளின் ராணி கடத்திய தன் தம்பியை மீட்க வாணலியைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறாள். தொடராகப் படிக்க விருப்பமில்லாதவர்கள், ஒரே நூலாக நிற்கும் 'ஸ்மால் காட்ஸ்' படிக்கலாம், 1992இல் வந்தது.

நார்னியா பற்றி நெறியாளர் கேட்டார். 1950இல் முதலில் வந்தது 'சிங்கம், சூனியக்காரி, அலமாரி' கதை. 1955இல் வந்த 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' கதைக்காலப்படி முந்தியது என்பதால், இன்று விற்கும் பதிப்புகளில் அதற்கு 1 என்று எண் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் லூயிஸே கால வரிசைக்குச் சாதகமாக ஒரு சிறுவனுக்குக் கடிதம் எழுதியதுண்டு. இருந்தாலும் சிங்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்பேன். அலமாரிக்குள் பனி விழுவதைப் பார்த்துப் பிள்ளை வியக்க வேண்டும். காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த வியப்பு போய்விடும்.

தட்டுலகத்தில் குறையே இல்லையா என்றால், உண்டு. பிராட்செட்டுக்கு அல்சைமர் நோய் இருப்பது 2007இல் தெரியவந்தது. தட்டச்சு செய்ய முடியாமல், சொல்லச் சொல்லப் பதிவு செய்து எழுதினார். கடைசி நூல்கள் சிலவற்றில் பழைய இறுக்கம் இல்லை. 2015 மார்ச்சில் 66 வயதில் காலமானார். முடிக்காத எழுத்துகளை வேறு யாரும் தொடரக்கூடாது என்பது அவர் விருப்பம். அதன்படி 2017இல் அவருடைய ஹார்ட் டிஸ்க்கை நீராவி ரோடுரோலர் கொண்டு நசுக்கினார்கள். ஆகவே 42ஆம் நூல் வருமா என்று காத்திருக்கும் தொல்லை உங்களுக்கு இல்லை.

மணி அடித்துவிட்டார்கள். இன்னும் ஒன்றே ஒன்று. 'நைட் வாட்ச்' என்று 2002இல் வந்த நாவலைப் பலரும் ஆகச் சிறந்தது என்பார்கள். அதில் வைம்ஸ் முப்பது ஆண்டு பின்னோக்கிப் போய், இளைஞனான தன்னையே சந்தித்துப் பயிற்சி கொடுக்கிறார். புகழைக் கேட்டு அதை முதலில் எடுத்துவிடாதீர்கள். காவல்படை வரிசையில் அது ஆறாவது. முன் ஐந்தையும் படித்து அந்த மனிதரோடு பழகிவிட்டு அங்கே போங்கள்.