கோத்திரம் தெரியாத ஒரு சொல்



நான் படித்தது பௌதிகம். அடர்த்தியைக் குறிக்க ‘டி’ என்ற ஆங்கில எழுத்து போதும் என்று கற்றுக்கொண்டோம். அதே அடர்த்திக்கு ‘டோர்ட்’ என்றொரு சொல் இருந்தது என்றால் நம்புவீர்களா? 1934-ல் வெளியான வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் அது இருந்தது. உச்சரிப்பு, பெயர்ச்சொல் என்ற குறிப்பு, ‘அடர்த்தி’ என்ற பொருள் எல்லாம் கொடுத்திருந்தார்கள். ஆனால் அப்படி ஒரு சொல்லே கிடையாது!

நடந்தது இதுதான். 1931 ஜூலை 31 அன்று அகராதியின் ரசாயனப் பிரிவு ஆசிரியர் ஆஸ்டின் பாட்டர்சன் ஒரு சீட்டு அனுப்பினார். அடர்த்திக்குச் சுருக்கமாகப் பெரிய ‘டி’ அல்லது சிறிய ‘டி’ எழுதலாம் என்பது அதன் கருத்து. ‘அல்லது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஓ, ஆர் என்று இரண்டே எழுத்துகள். அந்தச் சீட்டு சுருக்கக் குறியீடுகளின் கட்டுக்குப் போகாமல், சொற்களின் கட்டில் சேர்ந்துவிட்டது. நான்கு எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு ஒரு சொல்லாகிவிட்டன. பிறகு அதற்கு உச்சரிப்பும் சேர்த்தார்கள். சரிபார்த்தவர்கள் கண்ணில் பிழை படவில்லை.

1939 பிப்ரவரி 28 அன்று ஓர் ஆசிரியர் அதைப் பிடித்தார். அந்தச் சொல்லுக்குப் பிறப்பு வரலாறு எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனித்தார். நம் வழக்கில் சொன்னால், கோத்திரம் கேட்டார், பதில் இல்லை.

புதிதாகச் சொல் படைப்பது தவறல்ல. 1964-ல் முர்ரே கெல்-மான் ஒரு நுண்துகளுக்குக் ‘குவார்க்’ என்று பெயரிட்டார். அவர் மனதில் முதலில் தோன்றியது ‘குவோர்க்’ என்ற ஒலி. எழுத்துக்கூட்டு பின்னர் ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவலில் கிடைத்தது. இன்றும் இரண்டு விதமாகவும் உச்சரிக்கிறார்கள். ஆனால் அதற்குத் தகப்பனார் யார் என்று தெரியும்.

இதை ஏன் சொல்கிறேன்? நான் உத்தியோகத்தில் இருந்தபோது ஒரு விதவை அம்மாளின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு வந்தது. ‘கமலா’ என்ற அவர் பெயரை யாரோ ‘விமலா’ என்று எழுதிவிட்டார்கள். மூன்று பேர் கையெழுத்திட்டோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. அந்த அம்மாள் எட்டு மாதம் அலைந்தார். மூலப் பதிவேட்டை நான் ஒருமுறை புரட்டியிருந்தால் போதும். முன்னவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டேன்.

ஆகவே அச்சில் வந்தது என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ‘தாத்தா, இது எங்கிருந்து வந்தது?’ என்று பேரக்குழந்தைகள் கேட்டால் அதட்டாதீர்கள். கூடவே உட்கார்ந்து தேடுங்கள்.