எலும்பில் இருந்தாலும் அது மார்பகப் புற்றுநோய்தான்



கிள்ளானைச் சேர்ந்த ஓர் அம்மாவை அண்மையில் பிரிக்பீல்ட்ஸில் சந்தித்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். சில மாதங்களாக முதுகுவலி. எண்ணெய் தேய்த்து உருவிப் பார்த்தார். கிளினிக்கில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். பழைய நோயைப் பற்றி அங்கே சொன்னீர்களா என்று கேட்டேன். "அது முடிஞ்ச கதைம்மா, அதை ஏன் சொல்லணும்?" என்றார். பிறகு எடுத்த ஸ்கேனில்தான் நோய் முதுகெலும்புக்குப் பரவியிருப்பது தெரிந்ததாம்.

"அப்படின்னா எனக்கு இப்போ எலும்புப் புற்றுநோயா?" என்று அவர் கேட்டார். இல்லை. மார்பகத்தில் தோன்றிய உயிரணு இரத்தத்தின் வழியாகவோ நிணநீர் வழியாகவோ எங்கே சென்று தங்கினாலும், அது மார்பகப் புற்றுநோய் உயிரணுவே. ஆகவே சிகிச்சையும் மார்பகப் புற்றுநோய்க்கு உரியதே.

1889-ஆம் ஆண்டில் ஸ்டீபன் பேஜட் எனும் ஆங்கிலேய மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தார். விதை எங்கும் விழலாம். ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று விளக்கினார். இந்த நோய்க்கு ஏற்ற மண் பெரும்பாலும் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவை. சில விதைகள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பிறகு முளைப்பதும் உண்டு.

நம் நாட்டில் 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 3 அல்லது 4-ஆம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டனர். 4-ஆம் கட்டம் என்பதே மற்ற உறுப்புகளுக்குப் பரவிய நிலையாகும்.

அந்நிலையில் நோயை முற்றாகப் போக்குவது பெரும்பாலும் இயலாது. ஆனால் கட்டுப்படுத்த முடியும். பரவிய இடத்திலிருந்து திசு எடுத்துச் சோதித்து, ஹார்மோன் மாத்திரையா, ஹெர்-2 வகைக்கான மருந்தா, கீமோதெரபியா என மருத்துவர் முடிவு செய்வார். எலும்பு வலிக்குக் கதிரியக்கச் சிகிச்சை உண்டு. பல ஆண்டுகள் குடும்பத்தோடு வாழ்பவர்களும் இருக்கிறார்கள்.

எல்லா முதுகுவலியும் புற்றுநோயல்ல. ஆனால் ஒரு முறை இந்நோய் வந்தவருக்கு வாரக்கணக்கில் தீராத எலும்பு வலி, இருமல், மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, ஓயாத தலைவலி இருந்தால், உருவி விடாதீர்கள்; நோய் பரவிய எலும்பு எளிதில் முறியும். கால் மரத்துப் போனாலோ சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

சிகிச்சைக்கு, 2013-இல் திறக்கப்பட்ட புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகமும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் உள்ளன. வலி தணிப்புக்கு, 1991 முதல் இயங்கும் ஹாஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடி வந்து இலவசமாக உதவுகிறது. வலி தணிப்பு என்பது கைவிரிப்பு அல்ல, அதுவும் சிகிச்சையே.

தாய்மார்களே, சகோதரிகளே, எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதல் வார்த்தையாக, "எனக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்தது" என்று சொல்லுங்கள். அம்மா சொல்ல மறந்தால், உடன் செல்லும் பிள்ளைகள் சொல்லுங்கள்.