தொண்டில் முதிரும் நம்பிக்கை



ஐயமெல்லாம் வாதத்தால் தீர்ந்த பின்னரே வழிபாட்டைத் தொடங்க வேண்டும் என்று கற்றோர் பலர் கருதுகின்றனர். சைவ சித்தாந்தமோ, கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், பூக்கொய்தல், விளக்கிடுதல் முதலிய உடலுழைப்பாகிய சரியையை முதற்படியாக வைத்து, பூசையாகிய கிரியை, மனத்தை ஒருமுகப்படுத்தும் யோகம், இறைவனை உணரும் ஞானம் ஆகியவற்றை அதன் மேற்படிகளாக வகுத்தது. சரியைக்குத் தாச மார்க்கம், அதாவது தொண்டர் நெறி, என்றும் பெயருண்டு.

இந்நெறிக்கு எடுத்துக்காட்டாகச் சைவர் போற்றுபவர் 7ஆம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, சமண நூல்களை ஆழ்ந்து கற்றுத் தருமசேனர் என்னும் பெயருடன் வாழ்ந்த அவர், சூலை நோய் தாங்காது தமக்கை திலகவதியாரை நாடி வந்தார். மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் மாண்டபின் தம்பிக்காகவே உயிர் தாங்கிய அவ்வம்மையார், கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தில் விடியுமுன் அலகிட்டு, அதாவது பெருக்கி, சாணத்தால் மெழுகி, மாலை தொடுத்து வந்தார். தம்பி வேறு நெறி சென்ற காலத்திலும் அப்பணி நிற்கவில்லை. தமக்கையார் தந்த திருநீற்றை அணிந்து, அவர் நாளும் தூய்மை செய்த கோயிலில் நின்றபோதே நாவுக்கரசரின் முதற்பதிகம் பிறந்தது. பெருங்கல்வி உடைய ஒருவருக்கு ஓசையின்றித் தொடர்ந்த கைத்தொண்டு வழி திறந்தது என்பதே இவ்வரலாற்றில் ஆழ்ந்து எண்ணத்தக்கது. இதனால் சமணம் தாழ்ந்ததாகாது. தமிழுக்கு அந்நெறி அளித்த நூல்கள் பல.

பதிகங்களால் புகழ் பெற்ற பின்னரும், முற்றத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரம் என்னும் கருவி நாவுக்கரசரின் கையை விட்டு நீங்கவில்லை. திருப்புகலூரில் பணிசெய்த இடத்தில் பொன்னும் மணியும் மின்ன, அவற்றையும் கல்லோடு ஒப்பக் கருதிக் குளத்தில் எறிந்தார் என்கிறது புராணம். அத்தகைய மனவுறுதி, சோர்ந்த நாளிலும் சோராத நாளிலும் ஒரே பணியைச் செய்தவருக்கே வாய்க்கும்.

வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லவிருக்கும் பட்டதாரிகளுக்கு நீண்ட பூசைக்கு நேரம் கிடைப்பது அரிது. ஆயினும் மனம் கனியட்டும் என்று காத்திராமல், விளக்கேற்றுதலோ ஒரு பதிகம் ஓதுதலோ, ஐயம் தீராத நாளிலும் செய்யக்கூடிய சிறு பணி ஒன்றை நேரம் குறித்து மேற்கொள்ளலாம். பழங்கோயில்களைத் துப்புரவு செய்யும் உழவாரப் பணிக் குழுக்கள் இன்றும் தமிழகத்தில் பல ஊர்களில் இயங்குகின்றன. இன்று பட்டம் பெறுவோர் அவற்றில் சேர்ந்து தொண்டைத் தொடங்குவார்களாக.