ஊர் நகரமாகும்போது யார் பெயர் இருக்கிறது?

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் கட்டடக்கலை நிபுணர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலை செய்கிறேன். ஒரு கட்டடத்துக்கு வேண்டிய மின்விளக்குகளைத் தேர்வு செய்வதற்காகச் சீனாவில் உள்ள ஷென்சென் நகரத்துக்கு நான்கு நாள் போய் வந்தேன். "அங்க என்ன பார்த்தீங்க, எங்க பெண்களுக்கும் சொல்லுங்க" என்று உங்கள் தலைவி கேட்டார். அதனால்தான் வந்திருக்கிறேன்.

ஷென்சென் ஹாங்காங்கை ஒட்டி இருக்கிறது. ஹாங்காங்கில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் போய்விடலாம். 1980 வரைக்கும் அந்தப் பகுதி முழுக்க வயல், மீன்பிடிப்பு, சிப்பி வளர்ப்பு, நடுவில் ஒரு சிறு நகரம், அவ்வளவுதான். அந்த ஆண்டு ஆகஸ்டில் சீன அரசு அதைச் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்தது. தொழிற்சாலைகள் வந்தன. வேலை தேடி நாடு முழுவதிலிருந்தும் இளம் பெண்களும் ஆண்களும் வந்தார்கள். சில லட்சம் பேர் இருந்த இடத்தில், 2020 கணக்கெடுப்பின்படி 1 கோடியே 75 லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

1985-ல் அங்கே 53 மாடியில் ஒரு வணிக மையம் கட்டி முடித்தார்கள். மூன்று நாளைக்கு ஒரு மாடி என்ற வேகத்தில் எழுப்பினார்கள் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். இப்போது 599 மீட்டர் உயரக் கட்டடமே அங்கே இருக்கிறது. 2017 கடைசிக்குள் நகரத்தின் பேருந்துகள், 16,000-க்கும் மேல், எல்லாவற்றையும் மின்சாரத்தில் ஓடும்படி மாற்றிவிட்டார்கள். ரோட்டோரம் நின்றால் பஸ் வந்து போவது காதில் விழவில்லை, புகையும் இல்லை.

இதெல்லாம் படத்தில் பார்க்கலாம். படத்தில் தெரியாத ஒன்றைச் சொல்றேன்.

எனக்கு மொழிபெயர்க்க வந்த பெண், மதியச் சாப்பாட்டுக்குத் தன் குடியிருப்புப் பக்கம் அழைத்துப் போனார். பெரிய கட்டடங்களுக்கு நடுவே ஒரு பழைய கிராமம். வயலை அரசு எடுத்துக்கொண்டது. வீட்டுமனை மட்டும் கிராமத்தார் கையில் நின்றது. அந்தச் சின்ன மனையில் ஆறு மாடி, ஏழு மாடி கட்டி வாடகைக்கு விட்டார்கள். இந்த ஜன்னலில் இருந்து எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கை நீட்டலாம். 'கைகுலுக்கும் வீடுகள்' என்றுதான் அங்கே பெயரே! வெளிச்சம் இல்லை, காற்று இல்லை, துவைத்த துணி காயாது. தீ பிடித்தால் தீயணைப்பு வண்டி நுழையாது. ஆனாலும் வாடகை குறைவு. வேலை தேடி வந்த லட்சக்கணக்கானவர்கள் முதலில் தலை சாய்த்த இடம் இதுதான்.

கிராமத்தார் இன்னொன்றும் செய்தார்கள். ஊர்ப் பொதுச் சொத்தைத் தனித்தனியாகப் பிரிக்காமல், ஊருக்கு ஒரு கூட்டுப் பங்கு நிறுவனம் அமைத்தார்கள். கடை வாடகை, கட்டட வாடகை எல்லாம் நிறுவனத்துக்கு வரும். ஆண்டுதோறும் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நம்ம குழுவில் சேமிப்புக்கு வட்டி பிரிக்கிறோமே, கிட்டத்தட்ட அதுபோல. சாய்வூவெய் என்ற கிராமம் இருந்த இடத்தில் 2011-ல் 100 மாடிக் கட்டடம் எழுந்தது. ஊர்க்காரர்கள் ஒன்றாக நின்று பேரம் பேசியதால், பழைய வீட்டுக்குப் பதிலாகப் புது வீடும் வாடகை வருமானமும் கிடைத்தன. ஒற்றையாகப் போயிருந்தால் இந்தப் பேரம் படிந்திருக்குமா?

சகோதரிகளே, இனிமேல்தான் கவனமாகக் கேட்கணும்.

இந்த ஊர் நிறுவனங்களில் பங்குதாரர் யார் என்று ஒரு பட்டியல் உண்டு. ஷென்சென் இருக்கும் குவாங்டாங் மாகாணத்தில், பல கிராமங்களில் வெளியூர் ஆணைக் கல்யாணம் செய்துகொண்ட பெண்களின் பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணனுக்குப் பங்கு வரும், தங்கைக்கு வராது. அவள் அதே ஊரில் குடியிருந்தாலும் வராது. அவள் பிள்ளைகளுக்கும் வராது. வயல் விலை போகாத காலத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. நிலம் தங்கமானபோது சண்டை வந்தது. அந்தப் பெண்கள் பல ஆண்டுகளாக மனு கொடுத்தார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். கடைசியில் 2024 ஜூனில் சீனாவில் ஒரு சட்டம் நிறைவேறி, 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மணமாகாதவள், மணமானவள், விவாகரத்தானவள், கணவனை இழந்தவள் என்று எந்தக் காரணம் சொல்லியும் ஊர்ச் சொத்தில் பெண்ணின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

என்னிடம் வீட்டு வரைபடம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் பட்டா நகல் கேட்பேன். அதில் பெண் பெயரைப் பார்ப்பது அபூர்வம். நம் ஊருக்கும் பைபாஸ் வரும், தொழிற்பேட்டை வரும். நிலத்துக்கு இழப்பீடு கொடுக்க வரும்போது, யார் பெயர் பதிவில் இருக்கிறதோ அவரைத்தான் அதிகாரி முதலில் தேடுவார். இந்து குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. அப்போது ஏற்கெனவே மணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் மணமான மகளுக்கும் சம உரிமை தந்தது. அந்த உரிமை பிறப்பிலேயே வருவது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மற்ற மதத்தினருக்கு வேறு சட்டங்கள் உண்டு.

அதனால் அடுத்த குழுக் கூட்டத்தில் கடன் வசூல் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவரவர் வீட்டுப் பட்டாவைக் கொண்டுவந்து, யார் பெயர் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் வாசித்துப் பாருங்கள். அண்ணன் தம்பி விடுதலைப் பத்திரம் என்று நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசமாகவே சட்ட உதவி தருவார்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவாகப் போங்கள்.