தாய்க்கு அறிவுரை மட்டும் போதாது

(மாதர் அரங்க ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

குழந்தைகளின் வளர்ச்சி குன்றுவது குறித்துத் தாய்மார்களிடம் பேச, நாளை முதல் வீடுவீடாகச் செல்லவிருக்கிறீர்கள். அதற்குமுன் நாம் தெளிவு பெற வேண்டியவை சில உண்டு.

வளர்ச்சி குன்றல் என்பது வயதுக்கேற்ற உயரம் இல்லாமை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் இந்நிலையில் உள்ளனர். குழந்தை மெலிந்து காணப்படாததால் குறை கண்ணில் படுவதில்லை. "அப்பனும் குள்ளம், பிள்ளையும் குள்ளம்" என்று குடும்பம் ஆறுதல் கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலுக்காக இந்தியா, நார்வே, கானா உள்ளிட்ட ஆறு நாடுகளின் குழந்தைகள் அளக்கப்பட்டனர். நல்ல உணவும் சுகாதாரமும் வாய்த்த தில்லிக் குழந்தைகள் ஏனைய நாட்டுக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தனர். ஆகவே, இத்தனை குழந்தைகள் குன்றியிருப்பதற்குப் பரம்பரையைக் காரணம் காட்ட முடியாது.

கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது நிறையும் வரையிலான ஆயிரம் நாட்களின் முக்கியத்துவத்தை எடுத்துச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலுடன் பருப்பு, கீரை, முட்டை சேர்ந்த குழைவான உணவு. அடிக்கடி வயிற்றுப்போக்கு கண்டால் உண்டது உடலில் ஒட்டாது; சுத்தமான நீரும் கைகழுவலும் அவசியம். அங்கன்வாடியில் எடையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆனால் இத்துடன் நின்றுவிட்டால், தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் ஆவோம். முட்டை கொடு என்கிறோம். வாங்கப் போதிய கூலி அவளுக்குக் கிடைக்கிறதா? பிரசவித்த சில வாரங்களிலேயே செங்கல் சூளைக்குத் திரும்புகிறவள் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது எங்ஙனம்? 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதாக அதே ஆய்வு கூறுகிறது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் மகப்பேறு உதவியை உறுதியளித்தது. 2017இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என அதைச் சுருக்கியது. பின்னர் இரண்டாவது குழந்தைக்கும் விரிவாக்கினர். அதுவும் பெண்ணாகப் பிறந்தால் மட்டுமே! 1975இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தாங்கி நிற்கும் அங்கன்வாடிப் பெண்களுக்கோ இன்றும் ஊதியமில்லை, மதிப்பூதியம்தான்.

எனவே தோழர்களே, தாய்மார்களுக்குச் சொல்லிவிட்டு மட்டும் திரும்பாதீர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு வாருங்கள். மகப்பேறு உதவி வந்ததா, அங்கன்வாடியில் உயரம் அளக்கும் கருவி உள்ளதா, முட்டை தருகிறார்களா என்று ஒவ்வொரு கிளையும் குறித்துக்கொள்ளட்டும். அந்தப் பட்டியலுடன், அத்தாய்மார்களையும் அங்கன்வாடி ஊழியர்களையும் ஒன்றுதிரட்டி அதிகாரிகளின் முன் நிறுத்துவோம். நமது கல்விப் பணி அங்கேதான் நிறைவடையும்.