அரிதட்டின் கண்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர்களாகிய நாங்கள் நாள்தோறும் ஈ.சி.ஜி. கடதாசியைப் பார்த்து முடிவெடுக்கிறோம். அதிலுள்ள கோடு இதயத்திலிருந்து நேரே வந்ததல்ல. இடையில் டிஜிட்டல் வடிகட்டி அதைத் திருத்தியிருக்கிறது. இக்கருவிகளை வடிவமைக்கும் பொறியியலாளர்களும், அவற்றைப் பயன்படுத்தும் வைத்தியர்களும் தாதியரும் நம் பழைய மாணவிகளிடையே இருப்பதால், இன்று அதைப் பற்றியே பேச வந்தோம்.

இதயத்தின் மின்சைகை தோலை வந்தடையும்போது ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ற்று மட்டுமே. மூச்சினால் வரும் மெதுவான ஏற்ற இறக்கம், தசை நடுக்கம், நம் நாட்டு மின்வழங்கலின் 50 ஹேட்ஸ் இரைச்சல் எல்லாம் அதனுடன் கலந்துவிடும்.

அந்த 50 ஹேட்ஸை நீக்க எளிய வழியொன்று உண்டு. கருவி விநாடிக்கு 500 தடவை அளவெடுத்தால், இரைச்சலின் ஓர் அலைக்குச் சரியாக 10 அளவுகள் வரும். அடுத்தடுத்த 10 அளவுகளின் சராசரியில் மேடும் பள்ளமும் ஈடாகி, இரைச்சல் மறையும். ஒவ்வொரு தடவையும் பத்தையும் கூட்டவும் வேண்டாம். முந்திய கூட்டுத்தொகையில் புதிய அளவைச் சேர்த்து, மிகப் பழையதைக் கழித்தால் போதும். சிக்கனமான வடிகட்டிக்கு இது நல்ல உதாரணம். ஆனால் அதே சராசரி கியூ.ஆர்.எஸ். அலையின் கூர்முனையையும் மழுக்கிவிடும்.

நம் அம்மாமார் அறிந்த கணக்குத்தான் இது. அரிதட்டின் கண் பெருத்தால் கப்பியும் இறங்கும். சிறுத்தால் நல்ல மாவும் மேலே தங்கும். எந்தப் பலகாரத்துக்கு மா அரிக்கிறோம் என்பதே கண்ணைத் தீர்மானிக்கிறது.

1985இல் பான், டொம்கின்ஸ் இருவரும் இதயத்துடிப்பைக் கண்டறியும் முறையொன்றை வெளியிட்டனர். முழுவெண் குணகங்கள் கொண்ட வடிகட்டிகளால், ஏறத்தாழ 5 முதல் 15 ஹேட்ஸ் வரையானதை மட்டும் அவர்கள் எடுத்தனர். இசெட் 80 என்ற சிறிய மைக்ரோபுரொசெசரே அதற்குப் போதுமானதாக இருந்தது. சோதனைப் பதிவுகளில் 99.3 வீதமான துடிப்புகளை அது சரியாகக் கண்டது. துடிப்பை எண்ண அது அருமையான வடிகட்டி. மாரடைப்பை அறிய அது உதவாது.

மாரடைப்பின் முக்கிய அடையாளம் எஸ்.ரி. பகுதியில் இருக்கிறது. அது மெதுவாக மாறும் பகுதி. கோடு ஆடாமலிருக்கக் கீழ் எல்லையைச் சாதாரண வடிகட்டியில் 0.5 ஹேட்ஸுக்கு உயர்த்தினால், எஸ்.ரி. பகுதி மேலோ கீழோ நகரக்கூடும். இல்லாத நோய் தெரியலாம். இருக்கும் நோய் மறையலாம். அதனால்தான் அமெரிக்க இதயச் சங்கமும் துணை அமைப்புகளும் 2007இல் வெளியிட்ட பரிந்துரைகள், வளர்ந்தோரின் பதிவுக்குக் கீழ் எல்லையாக 0.05 ஹேட்ஸையும் மேல் எல்லையாகக் குறைந்தது 150 ஹேட்ஸையும் கேட்கின்றன. கட்டநிலைத் திரிபு இல்லாத வடிகட்டியானால் கீழ் எல்லை 0.67 வரை உயரலாம்.

ஆகவே, கருவி வடிவமைக்கும் தங்கைமாரே, விரைவும் சிக்கனமும் வேண்டியவைதான். ஆயினும் வடிகட்டாத மூலப்பதிவையும் சேமித்து வையுங்கள். வைத்தியசாலைகளில் பணிபுரியும் நாம், கடதாசியின் ஓரத்தில் அச்சாகும் வடிகட்டி எல்லைகளை முதலில் வாசிப்போம். கோடு நடுங்கினால் உடனே பொத்தானை அழுத்தாமல், தோலைத் துடைத்து, மின்வாயைச் சரியாக ஒட்டி, நோயாளருக்குப் போர்வை கொடுத்து, இன்னொரு தடவை எடுப்போம்.

அழகான கோடு நமக்கு வேண்டாம். உண்மையான கோடே வேண்டும். அதன் மறுமுனையில் ஓர் உயிர் இருக்கிறது.