நோய்க்கு நாட்டு வேற்றுமை இல்லை

(நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



நம் பாட்டன்மார் இங்கு வந்தபோது அவர்களும் அயல்நாட்டாரே. காடு வெட்டி, ரப்பர் கன்று நட்டார்கள். மலேரியாக் காய்ச்சல் அவர்களை லயம் லயமாக வாரிக்கொண்டு போயிற்று. தோட்ட ஆஸ்பத்திரியும் டிரசரும் வெறும் கருணையால் வந்தவை அல்ல. ஆஸ்பத்திரி அமைக்கும்படி முதலாளிக்கு உத்தரவிட 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இடம் கொடுத்தது.

இன்று நம் பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிறவர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளி. அவர் காய்ச்சலில் விழுந்தால் எங்கே போவார்? சிரம்பானிலும் கோலப்பிலாவிலும் தம்பினிலும் போர்ட்டிக்சனிலும் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. நாம் 1 வெள்ளி கொடுத்து டாக்டரைப் பார்க்கிறோம். 2014ஆம் ஆண்டுக் கட்டண உத்தரவுப்படி அவருக்கோ தனிக் கட்டணம். அது பல மடங்கு. வார்டில் சேர முன்பணமும் கட்ட வேண்டும். ஆகவே அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு லயத்திலேயே கிடக்கிறார். நோய் முற்றிய பிறகே வண்டி தேடுகிறோம்!

ஆனால் சட்டம் அவரைக் கைவிடவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அவருக்கும் உரியது. டாக்டர் சீட்டு இருந்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு: சேவை 2 ஆண்டுக்குக் குறைந்தால் ஆண்டுக்கு 14 நாள், 5 ஆண்டுக்குக் குறைந்தால் 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். ஒன்றை மறக்கக் கூடாது: 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் அது வேலைக்கு வராத நாளாகிவிடும்.

வேலையில் அடிபட்டால் சொக்சோ உண்டு. 2019 ஜனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் அதில் சேர்ந்தவர்களே. தொழில் விபத்துச் சந்தா முழுவதும் முதலாளியுடையது. தொழிலாளியிடம் அதற்காக ஒரு காசும் பிடிக்கக் கூடாது. வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்துக்கும் அது பொருந்தும்.

ஆஸ்பத்திரியில் பாஸ்போர்ட் கேட்பார்கள். அது ஆபீஸ் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தால் நோயாளி என்ன செய்வார்? அதிகாரமின்றிப் பிறர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம்.

கிராணிமார்களே! சொக்சோவில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். வெட்டுத் தொழிலாளர்களே! மொழி தெரியாதவருக்கு நாம் வாயாக இருப்போம். நிர்வாகத்துக்கு நாமே சொல்லி அனுப்புவோம்.

இது தருமம் மட்டுமல்ல, நம் தற்காப்பும் ஆகும். நோயுற்றால் செலவில்லாத தொழிலாளி ஒருவர் கிடைப்பாரானால், எந்த முதலாளி நம்மைத் தேடுவார்? அவருடைய உரிமை தேய்ந்தால் நம்முடையதும் தேயும்.